வெலிமிரின் முந்நூறு முகங்கள்

“பெட்டியை மூடப்போகினமாம், அக்கா. அத்தானை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

தேவாலயப் படியில் தர்மினியின் கையைப் பிடித்து உலுக்கினான் தம்பி தர்மிகன். அவன் கழுத்திலும் அந்தக் கால்பந்து கிளப்பின் சால்வை. அதில் அவளுடைய மாமனார் வெலிமிரின் முப்பது வயது முகம் சிரித்தது. ஒஸ்லோவின் அந்தச் சின்ன சேர்பியத் தேவாலய வாசலில் முந்நூறு பேர். முந்நூறு கழுத்திலும் அதே சிரிப்பு. உள்ளே, பெட்டிக்குள் மட்டும் அவர் சிரிக்காமல் கிடந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமா தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது தர்மினிக்கு. பயமாகவும் இருந்தது.

தொண்ணூறுகளில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய மனிதர். கடைசி நிமிடத்தில் தலையால் முட்டிப்போட்ட ஒரு கோலால் கிளப்பைக் கீழ்ப்பிரிவுக்கு விழாமல் காப்பாற்றினார். அன்றிலிருந்து கிழக்கு ஒஸ்லோவின் செல்லப்பிள்ளை. பிறகு பன்னிரண்டு வருடம் அதே கிளப்புக்குப் பயிற்சியாளர். மைதானத்தில் அவர் பெயரில் சொசேஜ்கூட விற்றார்கள்.

ஊரே கொண்டாடியவரை, அவர் பெற்ற மகனுக்குத்தான் பிடிக்காமல் போனது. தர்மினியின் கணவன் மிலானுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவின் அணிக்கு அவன் ஆடிய அரையிறுதி ஆட்டத்தில், இருபத்துமூன்றாவது நிமிடமே அவனை வெளியே அழைத்துவிட்டார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது, அப்பாவுக்கு. அதற்குப் பிறகு பதினொரு வருடம் மிலான் அவரோடு பேசவேயில்லை.

ஆஸ்பத்திரிக்கும் தர்மினிதான் தனியாகப் போய்வந்தாள். கடைசிநாள் காலை, “மிலான் கீழே காரை நிறுத்துகிறானா?” என்று மாமா கேட்டார். ஆமாம் என்றுவிட்டாள். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. அவர் கதவைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்தப் பார்வை பத்து நாளாக அம்மருட் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டின் ஒவ்வொரு கதவிலும் அவளை மறித்தது. பெட்டி மூடுவதற்குள் ஒருதடவையாவது அவன் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

“ஒருக்கா வா, மிலான்,” என்றாள், படியோரம் நின்றவனிடம்.

“வேண்டாம்.” அவளிடம் கற்ற தமிழ். மிச்சத்தை நோர்வேஜிய மொழியில் சொன்னான்: “அவரைப் பார்க்கத்தான் இவ்வளவு பேர் இருக்கிறார்களே.”

அவள் தனியாக உள்ளே போனாள். திராமன் நகரிலிருந்து வந்திருந்த வெலிமிரின் தங்கை ஒரு கிண்ணத்தை நீட்டினார். அவித்த கோதுமை, மேலே சீனி. எடு என்று சைகை செய்தார். தர்மினி யோசிக்கவில்லை. தன் அப்பாவின் செத்தவீட்டில் செய்ததைக் கை தானாகவே செய்தது. ஒரு பிடி அள்ளி, பெட்டியருகே போய், மாமாவின் உதட்டில் வாய்க்கரிசியாகப் போட்டாள்.

“யோய்!” என்று நெஞ்சில் கைவைத்தார் தங்கை. பாதிரியாரின் பாட்டு பாதியில் நின்றது.

அது செத்தவருக்குப் போடுவதல்ல. அவரை நினைத்து, இருப்பவர்கள் சாப்பிடுவது. விளங்கியபோது தர்மினிக்குக் காது சுட்டது. கோதுமை அவர் உதட்டிலும் நாடியிலும் ஒட்டிக்கிடந்தது. துடைக்கக் கை வரவில்லை. அழுகைதான் வந்தது.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மிலான் யாரையும் பார்க்காமல் வந்து குனிந்தான். பெருவிரலால் தகப்பனின் உதட்டைத் துடைத்தான். பிறகு நாடியை. பிறகு ஒன்றுமே ஒட்டியிராத கன்னத்தையும் நெற்றியையும்.

நிமிர்ந்தபோது அவன் உள்ளங்கையில் நாலைந்து கோதுமை மணிகள் இருந்தன. தர்மினி கைக்குட்டையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றுகொண்டிருந்தான்.