ரைட் என்றால் கிளம்பு

நான் சொல்லப் போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆண்டவனை இதில் இழுக்க மாட்டேன். இருபத்தெட்டு வருஷம் என் கழுத்தில் தொங்கிய கண்டக்டர் விசில் மேல் சத்தியம்.

எழுபத்தெட்டில் பஸ் ஸ்டிரைக். திருவண்ணாமலை - வேலூர் தடத்தில் ஒரு சக்கரம் உருளக்கூடாது என்று ஸ்டாண்டில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருத்தன், கவுஸ் பாஷா. என் குரல்தான் ஜாஸ்தி. முதல் நாள் மத்தியானமே என் சம்சாரம் முன்னி பேகத்துக்கு வலி எடுத்துவிட்டது.

மருத்துவச்சி ரஹமத்துன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "கொழந்த குறுக்க கெடக்குது பாஷா. என் கையில ஆவாது. வேலூருக்குத் தூக்கிக்கினு ஓடு. பொழுது சாயறதுக்குள்ள போவலன்னா ரெண்டும் தங்காது."

ஊரில் இருந்த ரெண்டு டாக்சியில் ஒன்று கல்யாணத்துக்குப் போயிருந்தது. இன்னொன்றில் இன்ஜின் இல்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், டீட்டர் என்று ஒரு ஜெர்மன்காரன் இருந்தான். அவன் ஊரிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்த வேன் வேப்பமரத்தடியில் நின்றது. போய்க் காலில் விழுந்தேன். தியானத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சாவியை எடுத்தான். தங்கமான மனுஷன். மூணு வருஷத்தில் தமிழைப் புத்தகம் மாதிரி பேசக் கற்றிருந்தான். ஆனால் நம்ம பஸ்ஸில் ஒரு தரம்கூட ஏறினதில்லை. வினையே அதுதான்.

முன்னியைப் பின்னால் மெத்தையில் கிடத்தினோம். மருத்துவச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வேனுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நம்ம ஊரில் டிரைவர் உட்காருகிற வலப்பக்கத்தில் நான் உட்கார்ந்தேன்.

முதல் கூட்டு ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். அவன் நாட்டில் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழியாம். வலப்பக்கமிருந்து எருமைகள் வந்துகொண்டிருந்தன. நூற்றுப்பதினேழு.

"என்னாங்க, வண்டி ஏன் நிக்குது?" என்றாள் முன்னி.

"எருமைங்க போவுது."

"நானும் ஒரு எருமதான்னு சொல்லுங்க அவருகிட்ட. எனக்கும் வழி வுடட்டும்."

"ஹாரன் அடிங்க சார்!" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. அவன் ஊரில் ஹாரன் அடிப்பது ஒருத்தனை மூஞ்சிக்கு நேரே திட்டுவதாம். வாங்கின நாளிலிருந்து தொடாததால் அந்த ஹாரனில் மூணு தலைமுறையாக ஒரு சிலந்திக் குடும்பம் குடியிருந்தது.

போளூர் தாண்டி ஒரு கடலை மூட்டை லாரி முன்னால் போனது. லாரிக்காரன் நல்லவன், முந்திக்கோ என்று வலப்பக்க லைட்டைப் போட்டான். டீட்டர் வேகத்தைக் குறைத்தான்.

"அவர் வலப்பக்கம் திரும்பவிருக்கிறார்."

"திரும்பல சார், நம்மளப் போவச் சொல்றான்!"

"விளக்குப் போட்டிருக்கிறாரே."

எட்டு மைல். அந்த லாரி எப்போது திரும்பும் என்று மரியாதையாகப் பின்னாலேயே ஊர்ந்தோம்.

முன்னி கத்திக்கொண்டே வந்தாள். பிறகு கத்தவில்லை. கத்தினால் பயம், கத்தாவிட்டால் அதைவிடப் பயம். "பாஷா, கை சில்லுனு ஆவுதுப்பா" என்றாள் மருத்துவச்சி. வெயில் புளியமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. தமிழ் பேசிப் பிரயோஜனமில்லை என்று, பஸ்ஸில் கற்ற இங்கிலீஷில் தொண்டை கிழியக் கத்தினேன்: "ரைட்! ரைட்!"

நமக்கு ரைட் என்றால் கிளம்பு. அவனுக்கு ரைட் என்றால் வலது. சொந்த ஊர்ப் பழக்கத்துக்கு உத்தரவு கிடைத்த சந்தோஷத்தில் வலப்பக்கம் ஏறினான், லாரியை முந்தினான், அங்கேயே தங்கிவிட்டான்.

எதிரே இன்னொரு லாரி. லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. நான் நிற்க மாட்டேன், நீ ஒதுங்கு என்று அர்த்தம். டீட்டர் சிரித்தான். "பாருங்கள், 'முதலில் நீங்கள் வாருங்கள்' என்கிறார்."

"ஹோல்டேன்!" என்று அலறினேன். நமக்கு அது நிறுத்து. அவன் காதில் 'கெட்டியாகப் பிடித்துக்கொள்' என்று விழுந்தது. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

கண்ணை மூடி ரெண்டு கையையும் ஏந்தினேன். அதுதான் காப்பாற்றியது. டிரைவர் இடத்தில் கண்ணை மூடிக் கையேந்துகிறவனைப் பார்த்ததும் எதிர் லாரிக்காரன் கடலைக் கொல்லையில் இறங்கிவிட்டான். "யோவ் சாவுகிராக்கி, ஸ்டியரிங்க எங்கய்யா வெச்ச?" என்ற குரல் கண்ணமங்கலம் வரை எங்களோடு வந்தது. டீட்டர் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

பொழுது சாய ஒரு முழம் இருக்கையில் வேலூர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். முன்னியைக் கொண்டுபோன கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொண்ணு. அம்மா தண்ணி கேக்கறாங்க" என்றாள்.

டீட்டர் ஓடினான். 'ஒலி எழுப்பாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்ற வேனில் ஏறி, ஆயுசிலேயே முதல் தடவையாக ஹாரனை அழுத்தினான். சிலந்தி வெளியே வந்து பார்த்தது.

திருவண்ணாமலை கபர்ஸ்தானில் முன்னி பேகத்தின் கல்லில், அவள் இறந்ததாக வெட்டியிருக்கும் தேதி, அந்த ஸ்டிரைக்கின் முதல் நாள். அன்று வேலூருக்கு ஒரு சக்கரமும் உருளவில்லை.