இருபதுக்கு மேல் இருபது

அந்த விதியைப் போட்டவள் பெவ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழியை என் தலையில் கட்டாதீர்கள்.

ஒன்பது வருடமாக ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு நிலவறையில், ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை பேசி ஆடும் பகடை ஆட்டம். கதையை நடத்துவதும் அரக்கர்களுக்காகப் பகடை உருட்டுவதும் நான், நோரீன். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் அடி இரண்டு மடங்கு என்கிறது ஆட்டத்தின் விதிப் புத்தகம். பெவ்வுக்கு அது போதவில்லை. "இருபது வந்தா திரும்ப உருட்டணும். மறுபடி இருபதுன்னா, எவ்வளவு உயிர் மிச்சமிருந்தாலும் ஆள் காலி. நமக்கும் அதான், அரக்கனுக்கும் அதான்" என்றாள். கை தூக்கினோம். உயிரடி என்று பெயரும் வைத்தோம். நானூற்றில் ஒரு தடவை வருவதற்கு யார் பயப்படுவார்கள்?

பெவ்வுக்கு எதிரே உட்காருகிறவன் ஓரின், அவள் தம்பி. அவர்கள் அம்மா இறந்து பதினான்கு மாதம். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன் என்கிறாள் அவள். ஃபோன் அடிக்கவே இல்லை என்கிறான் அவன். அன்றோடு பேச்சு நின்றது. சீஸ் தட்டை நகர்த்தக்கூட, "நோரீன், அதை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள். அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருப்பான் தடியன்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் கதையே வேறு. அவன் கேடயம் தூக்கும் கட்வென், அவள் வில்லாளி மிரல். "குளிருதா மிரல்? என் போர்வையை எடுத்துக்க" என்பான். "நீ முதல்ல என் பின்னாடி நில்லு" என்பாள். அவர்கள் பேசிக்கொள்வது இந்தப் பெயர்களில் மட்டும்தான். ஆட்டத்தில் செத்த பாத்திரத்தை ஆடியவர் அந்தக் கதை முடியும்வரை வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இந்தக் கதை முடிய அடுத்த குளிர்காலம் ஆகும்; கட்வென் போனால் அதுவரை இவர்களுக்குப் பேச வாயே கிடையாது.

அந்த ஞாயிறு கதையில் ஒரு பாலத்தின் மேல் ஓர் அரக்கன் கட்வெனை நோக்கிச் சம்மட்டியை ஓங்கினான். கட்வெனுக்கு அறுபது புள்ளி உயிர் இருந்தது. அலட்சியமாகத்தான் உருட்டினேன்.

இருபது.

பெவ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"என்ன யோசனை? உருட்டு" என்றான் ஓரின்.

உயிரடிப் பகடையை எல்லோரும் பார்க்க மேஜை நடுவில்தான் போட வேண்டும். போட்டேன். அது சுழன்று போய் சீஸ் தட்டில் இடித்து நின்றது. மறுபடி இருபது.

"தட்டுல பட்டுடுச்சு, செல்லாது!" என்று கத்தினேன்.

"தரையில விழுந்தாதான் செல்லாது" என்றான் ஓரின்.

"அப்போ விதியையே தூக்கிடுவோம். நாம போட்டதுதானே? கையைத் தூக்குங்க!"

நான் சொல்லி முடிக்குமுன் பெவ்வின் கை மேலே போயிருந்தது. என் கையும் போயிற்று. விதியை எடுக்க மூன்று கையும் வேண்டும். ஓரின் கை மேஜையிலேயே கிடந்தது.

"இதே விதியை வச்சு எத்தனை அரக்கனைக் கொன்னோம்? எனக்கு வந்ததும் அழிக்கணுமா? செத்தா செத்ததுதான்."

பிடிவாதம் பிடித்த கழுதை! அறையலாம் போலிருந்தது. அவன் கட்வெனின் உயிரும் ஆயுதமும் குறித்த தாளை நாலாக மடித்தான், கோட்டை மாட்டினான், படிக்கட்டுக்குப் போனான். பெவ் தலையே நிமிரவில்லை.

"நில்லுடா! உயிரடி பட்டவனுக்குக் கடைசியா ஒரு மூச்சு உண்டு. பேசிட்டுத்தான் போகணும்" என்றேன்.

"இது எப்போ போட்ட விதி?"

"இப்போ போட்டேன். நடத்துறது நான். வந்து உட்காரு!"

கோட்டோடு வந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமி, கட்வெனின் கட்டைக்குரலை வரவழைத்தான். "மிரல், என் கேடயத்தை நீ..."

"கட்வென் செத்துட்டான்டா" என்றாள் பெவ். "நீ பேசு."

அவன் கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"ஃபோன் அடிச்சுது அக்கா. மூணு தடவையும். கையிலதான் வச்சிருந்தேன்." இப்போது குரல் அவனுடையதுதான். "அம்மாவை அப்படிப் பார்க்கப் பயமா இருந்துச்சு."

எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான்டா இருந்துச்சு" என்றாள் பெவ். "அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்."