பிரேக் போட்டது யார்?

ரேஸுக்கு உட்காரும்முன் குழாய் கம்பெனி விற்பனை மேலாளர் மின்விசிறியை நிறுத்திவிடுவார். எதிர்க்காற்று வண்டியின் வேகத்தைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. வண்டி டிவிக்குள் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. கையில் அரைவிரல் உறை, பக்கத்தில் உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டில். கழுத்து வலிக்கு டாக்டர் கொடுத்த பட்டையும் ரேஸ் கவசமாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது.

வீடியோ கேம் கன்சோலில் அவர் ஓட்டியது நான்கு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஆள் ரேஸ் கார். நிஜக் கார் கீழே உறை போர்த்தித் தூங்கியது. அவரை ஆபீஸ் வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவியைப் புதிதாக ஊருக்கு வெளியே ஒரு கிளைக்கு மாற்றியிருந்தார்கள். பஸ் மாறி மாறி அவள் போய்ச் சேர்வதற்குள், வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள் அவளையே கடித்துத் தின்றுவிடுவதுபோல் பார்த்தார்கள். இன்னொரு தடவை தாமதமானால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லியாகிவிட்டது. லைசென்ஸ் இருந்தது. கார் சாவிதான் இல்லை.

“லைசென்ஸ் வேற, டிரைவிங் வேற,” என்றார் மேலாளர். “கையும் கண்ணும் ஒண்ணாப் பேசணும். இந்த டிராக்குல ஒரு சுத்துக்கு என்னோட லேப் டைமைத் தொட்டுக் காட்டு. சாவியை நானே உன் கையில தரேன்.”

“தொடலைன்னா?”

“பஸ்தான் இருக்கே.”

அவருடைய தங்கை, பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் வைத்திருப்பவள், சோபாவின் மறுமுனையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, நீ கடைசியா எப்ப பஸ்ல ஏறினே?”

மேலாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ரேஸ் நடுவில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். மேலாளர் ஒரு விரலால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே மறுகையில் போனை எடுத்து, டெலிவரி ஏன் தாமதம் என்று உருக்கமாக விளக்க ஆரம்பித்தார். கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. டிவியில் மோசமான கொண்டை ஊசி வளைவு ஒன்று வந்தது. கார் தானாக வேகம் குறைத்து, தானாகத் திரும்பி, பிசகில்லாமல் வெளியே வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த மனைவி துண்டு மடிப்பதை நிறுத்தினாள். “இப்ப பிரேக் போட்டது யாரு?”

“அனுபவம்,” என்றார் மேலாளர், போனைப் பொத்திக்கொண்டு.

மறுநாள் அவர் வேன் ஏறியதும் அவள் கன்சோலைப் போட்டு விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனாள். ஒரு பக்கம் முழுக்க உதவிகள். பிரேக்குக்கு உதவி, திருப்ப உதவி, கியர் மாற்ற உதவி, எந்த வழியில் போகவேண்டும் என்று தரையில் வரையும் பச்சைக் கோடு. எல்லாமே போடப்பட்டிருந்தன. முதல் நாள் அந்த விளையாட்டு, நீங்கள் புதியவரா என்று கேட்டிருக்கிறது. ஆபீஸ் கடிதங்களில் கையெழுத்துப் போடும் முறையிலேயே, படிக்காமல், அவர் சரி என்று அழுத்தியிருக்கிறார்.

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பழகிப்போன முறை ஒன்று உண்டு. கருவி தப்புக் காட்டினால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதைத் தொடாதே. அவரை மாட்டிவிட வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. இந்த மனிதருக்குள் மனிதர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பச்சைக் கோட்டை மட்டும் அணைத்தாள்.

அன்று மாலை மேலாளர் இரண்டு வளைவுகளில் புல்வெளிக்குப் போய் வந்தார். “டிராக் சூடு,” என்றார்.

அடுத்த நாள் கியர் உதவி போயிற்று. என்ஜின் முதல் கியரிலேயே மிக்ஸி மாதிரி அலறியது. “கியர்பாக்ஸ்ல தேய்மானம்.”

“டிவிக்குள்ள மெக்கானிக் போகணுமா அண்ணி?” என்று கேட்டாள் நாத்தனார். அவளிடம் அண்ணி விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

திருப்ப உதவி போன அன்று மேலாளர் சோபாவை ஒரு சாண் நகர்த்தினார். உட்காரும் கோணம் தவறாம்.

பிரேக் உதவி போன அன்று கார் முதல் வளைவை வளைவாகவே மதிக்கவில்லை. நேரே போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி சுவர். அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மின்விசிறியைப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

மேலாளர் முதல் தடவையாக அதை வரி வரியாகப் படித்தார்.

“அப்போ இத்தனை நாள் ஓட்டினது யாரு?”

“ஆக்சிலரேட்டர் நீங்கதான். மத்தது இன்னும் தெரியலை.”

“நீ ஓட்டு பார்ப்போம். எதையும் போடாம.” குரலில் மிடுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தது. மீதி நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவல்.

அவள் ஓட்டினாள். காய்கறிச் சந்தைக்குள் போவதுபோல் ஓட்டினாள். பின்னால் வந்த கார்கள் எல்லாம் தாண்டிப் போயின. கொண்டை ஊசி வளைவில் கிட்டத்தட்ட நின்று, இரண்டு பக்கமும் பார்க்காத குறையாகத் திரும்பினாள். கடைசியில் கோட்டைத் தாண்டியபோது டிவியில் வேறு ஒரு வண்டியும் இல்லை.

“இதெல்லாம் ஒரு டைமா?” என்றார் மேலாளர்.

“உன் டைம் எங்கண்ணா?” என்றாள் தங்கை. “பழசு நீ ஓட்டினதில்லை. புதுசு இன்னும் சுவத்துலயே நிக்குது. இல்லாத டைமை அண்ணி எங்க போய்த் தொடுவாங்க?”

மேலாளருக்கு விதிமுறையில் வேறு ஓட்டை தெரியவில்லை. எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். முதல் நாள் மட்டும் மேற்பார்வைக்காகக் கூட வருவேன் என்று நிபந்தனை போட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் வேனை அனுப்பிவிட்டு மனைவிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். தெரு திரும்பியதும் அவர் வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. சிக்னல் வந்தது, அழுத்தியது. ஒரு நாய் குறுக்கே வரலாமா என்று யோசித்தது, பலமாக அழுத்தியது.

மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“அங்க அழுத்தினா வண்டி நிக்குதாங்க?”

மேலாளர் காலைக் குனிந்து பார்த்தார். உண்மையை ஆராய்ந்துதான் சொன்னார். “நிக்குது.”

“அப்ப அழுத்திக்கிட்டே வாங்க,” என்றாள் அவள், அடுத்த கியருக்கு மாற்றியபடி.