பின்னால் போகாத கார்

பீங்கான் பட்டறை ஆதிநாராயணனின் அம்பாசிடர், ரிவர்ஸ் கியர் போட்டாலே கரகரவென்று கத்தியது.

"கியர்பாக்ஸ இறக்கணும்னு வேப்பூரு மெக்கானிக்கு சொல்லிட்டாருங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விருத்தாசலத்தில் நான் கார் பட்டறை வைத்திருக்கும்போது வேப்பூருக்கு எதற்குப் போனார்?

எஞ்சினை நிறுத்திவிட்டு ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அப்படியானால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கிளட்ச்தான் முழுசாக விடவில்லை. குனிந்து பார்த்தேன். செருப்பிலிருக்கும் களிமண் காரில் ஒட்டக்கூடாதென்று காலடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார். கிளட்ச் பெடல் முழுசாக அமுங்காமல் அதில் முட்டி நின்றுவிட்டது.

சாக்கை உருவி எறிந்தேன்.

"ஏறுங்க, வூட்டுல வுடுறேன்."

கடைவீதி முழுக்க, எல்லோரும் பார்க்க, காரை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனேன்.