ஒரே புக்கிங்கில் இரண்டு பேர்

வீட்டில் அவருக்குப் பெயர் 'பாயிண்ட் மாப்பிள்ளை'. வைத்தவர் மாமனார். டைல்ஸும் குழாயும் விற்கிற கடை மாப்பிள்ளையுடையது. வந்து இறங்குகிற சரக்கு முழுவதற்கும் அவர் தேய்ப்பது ஒரே ஒரு கிரெடிட் கார்டு. தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட் ஏறும். பாயிண்ட்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் மைல் ஆகும். மைல் சேர்ந்தால், பின்னால் முட்டி இடிக்க உட்கார வேண்டிய ஆள் முன்னால் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். சாப்பாட்டு மேஜையில் இந்த மகிமையை அவர் விளக்கும்போதெல்லாம் மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்.

"அது சரி மாப்ள, அந்தப் பாயிண்ட்ட குடுத்தா கடையில வெங்காயம் போடுவானா?"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

மாமனார் தையல்காரர். எப்போதும்போல இந்தத் தடவையும் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு, மகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர், வந்த இடத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் வழுக்காத டைல்ஸ் விற்கிறவர் வீட்டில் வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சிரித்தார். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கைத்தாங்கலாக நாலு எட்டு நடக்கவும் தொடங்கினார். அதற்குள் அவருடைய விசா முடிகிற நாள் வந்துவிட்டது. நீட்டித்துக் கேட்டுப் பார்த்தார்கள், முடியாது என்று பதில் வந்தது. ஊரில் மூத்த மகன் வீட்டுக்கு அவர் திரும்பியே ஆக வேண்டும். டாக்டர் கறாராகச் சொன்னார்: படுத்துக்கொண்டு போவதாக இருந்தால் போகலாம், அத்தனை மணி நேரம் உட்கார்ந்து போனால் இடுப்பு தாங்காது.

மகள் ஓவென்று அழுதாள். மாப்பிள்ளைக்கோ, சொல்லக் கூடாது, உள்ளூர ஒரு குஷி. இத்தனை வருஷமாகக் கேலிபேசிய வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

"கவலைய விடுங்க டாக்டர், நான் கூடப் போறேன். ரெண்டு பேருக்கும் படுக்கிற சீட்டுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்னங்க, சீட்டு கன்ஃபர்ம் ஆயிடுச்சா?"

"ஆன மாதிரிதான்."

ஆன மாதிரி என்றால் ஆகவில்லை என்று அர்த்தம். இருந்ததெல்லாம் சாதாரண டிக்கெட். மேல் வகுப்புக்கு மாற்றச் சொல்லி மைல்களைக் கொடுத்திருந்தார்; காத்திருக்கிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் இவர்களுடையது. முதலில் நின்று தனக்குக் கிடைக்காமல் போனதே இல்லை என்ற தைரியம் அவருக்கு. காசு கொடுத்தே வாங்கியிருக்கலாமே என்றால், அந்த விலைக்குக் கடையையே காலி செய்ய வேண்டும்.

புறப்படுகிற அன்று சக்கர நாற்காலியில் மாமனாரைத் தள்ளிக்கொண்டு விமான வாசல்வரை வந்தாயிற்று. மேலே திரையில் பட்டியல் ஓடியது. இவர்கள் பெயர் முதலில்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இருந்த பெயருக்குப் பக்கத்தில் பச்சை விழுந்தது. மாப்பிள்ளை கவுண்டருக்கு ஓடினார்.

"மேடம், எங்க பேர்தானே முதல்ல? எங்களுக்கு அடுத்த ஆளுக்குக் குடுத்திருக்கீங்க."

அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "காலியானது ஒரு சீட்டுதான் சார். நீங்க ரெண்டு பேரும் ஒரே புக்கிங். ரெண்டு சீட்டு இருந்தாதான் உங்களுக்கு வரும். இல்லேன்னா சிஸ்டம் உங்கள விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கொடுமை. விஷயம் தெரியாத ஆளாக இருந்தால் நாலு வார்த்தை கத்தியாவது தீர்த்திருப்பார். கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், அப்கிரேடு கேட்கிறதாக இருந்தால் ஆளுக்கொரு புக்கிங்காகப் போடுங்கள் என்று! தனக்கென்று வந்தபோது சேர்த்துப் போட்டுவிட்டார். எதற்கு? நாற்காலி கட்டிலாக விரியும்போது மாமனாரின் முகம் போகிற போக்கைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அந்த ஒரு அற்ப ஆசைக்கு.

"எனக்கு வேணாம் மேடம். அவருக்கு மட்டும் குடுங்க. இடுப்புல ஆபரேஷன் பண்ணியிருக்கு. இப்பவே புக்கிங்க பிரிச்சுடுங்க."

"பிரிக்கலாம் சார். ஆனா அந்த சீட்டு போயிடுச்சு. அவரு உள்ள போய் உக்காந்துட்டாரு. குடுத்தத நான் திருப்பி வாங்க முடியாது."

அவள் யாருக்கோ போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள், கெஞ்சவும் செய்தாள். போனை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு தானே எழுந்து வந்து சக்கர நாற்காலியைத் தள்ளினாள். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

விமானத்துக்குள் முதலில் வந்தது மேல் வகுப்பு. அகலமான நாற்காலிகள், மடித்து வைத்த போர்வைகள். ஓர் இளைஞன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தான். மாமனார் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"இதானா மாப்ள?"

"இல்ல மாமா. பின்னாடி."

மாமனார் கைத்தடியைத் தட்டித் தட்டிப் பின்பக்கம் நகர்ந்தார். வெங்காயத்தைப் பற்றியாவது ஏதாவது சொல்ல மாட்டாரா என்று மாப்பிள்ளை ஏங்கினார்.

விமானம் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே வலி ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தார், இடுப்புக்குத் தலையணை வைத்தார், எதுவும் எடுபடவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, முன்னால் இருக்கிற தம்பியிடம் தானே போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். இடம் மாற அனுமதி இல்லை என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு தலையணை கொண்டுவந்து தந்தாள். கடைசியில் மாமனாரை எழுப்பி நடைவழியில் நிறுத்தினார். நின்றால் வலி கொஞ்சம் விட்டது. பெரியவர் மாப்பிள்ளையின் தோளில் முழு பாரத்தையும் போட்டு, கண்ணை மூடி மூச்சு விட்டார். இப்படியே நின்றுகொண்டே போய்விடலாம் என்று மாப்பிள்ளைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

விமானம் குலுங்கத் தொடங்கியது. பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண் ஓடிவந்தாள்.

"உக்கார வைங்க சார், உடனே."

"கொஞ்ச நேரம் நிக்கிறேன் மாப்ள" என்றார் மாமனார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உக்கார வைக்காதீங்க."

"விழுந்துருவீங்க மாமா."

"விழுந்தா விழுறேன்."

இன்னொரு குலுக்கல். மாப்பிள்ளை அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். கிழவர் வீம்புக்குச் சளைத்தவரல்ல, ஆனால் உடம்பில் தெம்பில்லை. உட்கார்ந்ததும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை குனிந்து பெல்ட்டை மாட்டி இறுக்கினார். தன்மேலேயே அவருக்கு அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை, அதை வைத்துக்கொண்டு செய்வதற்கும் ஒன்றுமில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் மாப்ள?"

எதிரே திரையில் விமானம் இப்போதுதான் கரையைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு திரை முழுக்க நீலமாகக் கடல்.

"வந்துட்டோம் மாமா. இன்னும் கொஞ்சந்தான்."

மாப்பிள்ளை சொல்கிற எதையும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளாத மனிதர், சரி என்று தலையாட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார்.