துலுக்காத கெடா

என் தம்பி கதிர்வேலுவுக்காகக் கெடா வெட்டுவதாக முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டது அம்மா. மேச்சேரிச் சந்தைக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். நல்ல செந்நிறக் கெடா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வியாபாரியோடு நான் போட்ட சண்டையில் பக்கத்து ஆடுகள்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. தம்பிக்காக என்றால் நான் யாரோடும் சண்டை போடுவேன்.

"கேஸு எம் பையனை உட்டு வெலகோணும்" என்பதுதான் அம்மாவின் வேண்டுதல்.

கதிர்வேல் பட்டாளத்தில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால், வடக்கே ஒரு மலைநாட்டில், அவனும் கூட இருந்தவர்களும் ஒரு ஆளைச் சுட்டுக் கொன்றார்கள். தீவிரவாதி, பிடித்ததும் ஒப்புக்கொண்டான், பிறகு தப்பி ஓடினான், சுட்டோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பட்டாளமும் ஒப்புக்கு விசாரித்து மூடிவிட்டது. ஆனால் செத்தவனுடைய அம்மா விடவில்லை. என் மகன் காட்டுக்கு விறகு வெட்டப் போனவன் என்று கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினாள். இப்போது கோர்ட்டே ஒரு நீதிபதியை வைத்து மறுபடி விசாரிக்கிறது. கூட இருந்தவர்கள் பழைய கதையையே சொல்லிவிட்டார்கள். பாக்கி என் தம்பி ஒருவன்தான். லீவு முடிந்து போனதும் அவன் முறை.

அவனுடைய அதிகாரி தினமும் போன் செய்தார். அதையே சொல், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றாராம். நானும் அதையேதான் சொன்னேன். நான் கதைப் புத்தகத்தில் வருகிற உத்தம அக்கா இல்லை. அவன் மகள் கனிஷ்காவுக்கு இப்போதுதான் பால்பல் விழுகிறது. எங்கேயோ செத்துப்போன ஒருத்தனுக்காக இந்தக் குழந்தை அப்பனை ஏன் இழக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. முன்பெல்லாம் அவன் லீவில் வந்தால் வீடே கலகலவென்று இருக்கும். ட்ரெயினிங் போன புதிதில் இந்தி ஒரு எழுத்துகூடத் தெரியாமல், என்ன கேட்டாலும் தலையாட்டித் தண்டனை வாங்கிய கதையை அவனே நடித்துக் காட்டுவான். "கதவை ஒடைச்சது நீயான்னு கேட்டான், ஆட்டுனேன். ஒங்கப்பன் பேரென்னன்னு கேட்டான், அதுக்கும் ஆட்டுனேன்" என்பான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இந்தத் தடவை கனிஷ்கா அந்தக் கதையைச் சொல்லச் சொன்னபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் கோயிலில் பொங்கல் வைத்தோம். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. கெடாவுக்கு மாலை போட்டுப் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எங்கள் பக்கத்தில் கெடாவிடம் சம்மதம் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். தண்ணீர் பட்டதும் அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

அந்தக் கெடா துலுக்கவில்லை. தெளித்தார்கள், சொம்போடு ஊற்றினார்கள், சாமியைக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஊற்றினார்கள். நனைந்துபோய்ச் சும்மா நின்றது. அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. சாமி வேண்டுதலை ஏற்றுக்கொள்ளவில்லை என்று யாரோ முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

எங்கள் தாய்மாமன் நாச்சிமுத்து காரியக்காரர். சொம்பை வாங்கி, கெடாவின் காதுக்குள் தண்ணீரை விட்டார். புதிய தந்திரம் ஒன்றும் இல்லை, எல்லா ஊரிலும் செய்வதுதான். கெடா தலையைப் படபடவென்று உதறியது. துலுக்கிருச்சு, துலுக்கிருச்சு என்று சனம் சத்தம் போட்டது. நானும்தான் போட்டேன். வெட்டுகிறவர் அரிவாளை எடுத்தார்.

கதிர்வேல் போய்க் கெடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அது ஒத்துக்கலீங்க மாமா. காதுல தண்ணி போனா எதுவும் தலையை ஒதறத்தான் செய்யும்."

ஊரில் நடக்கிறதுதானே மாப்ள, எழுந்திரு என்று மாமா சிரித்தபடியே அவன் தோளைத் தொட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த ஆளும் இப்பிடித்தானுங்க தலையாட்டுனான். கையைக் கட்டி உக்கார வெச்சிருந்தோம். நீ தீவிரவாதியான்னு அதிகாரி இந்தியில கேட்டாரு. ஆட்டுனான். துப்பாக்கியை எங்க வெச்சிருக்கறேன்னு கேட்டாரு. அதுக்கும் ஆட்டுனான். எங்கன்னு கேட்டா யாராச்சும் தலையாட்டுவாங்களா மாமா? அவனுக்கு இந்தியே தெரியல. மத்தவங்களுக்கு எப்பிடியோ, எனக்குத் தெரிஞ்சுது. நான் ஆட்டாத தலையா?"

"அப்புறம் அவன் ஓடுனானா சாமி?" என்று அம்மா கேட்டது. மகனைச் சாமி என்றுதான் கூப்பிடும்.

"ஓடலம்மா. கட்டுனது கட்டுனபடிக்கே இருந்தான். சுடச் சொன்னாரு. நானுந்தான் சுட்டேன்."

எனக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அத்தனை பேர் முன்னால் அவன் முதுகில் அடித்தேன். வாயை மூடுடா, வாயை மூடுடா என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அடித்த கையாலேயே அவனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாடே சாமி என்று கும்பிடுகிற வேலைக்குப் போன என் தம்பி, கை கட்டியிருந்தவனைச் சுட்டிருக்கிறான். அதை நான் மறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டில் எதற்காக அழுதேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அம்மா பூசாரியிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டது. "முனியப்பங்கிட்டப் பொய்யாக் கேட்டுப்போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கெடாவை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு நடந்தது. விருந்துக்கு வந்த சனம் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது.

லீவு முடிந்ததும் கதிர்வேல் போய் அந்த நீதிபதியிடம் நடந்தது நடந்தபடி சொன்னான். அவன்மேலும் கூட இருந்தவர்கள்மேலும் அந்த அதிகாரிமேலும் கொலை வழக்குப் பதிந்தார்கள். அவனைக் காவலில் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் அவன் படத்தோடு, எல்லைச்சாமி என்று இளவட்டங்கள் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரை அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். கூட நின்றவர்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று என் காதுபடவே பேசினார்கள். யாரோடும் சண்டை போடுகிற நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து வந்தேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கெடாவை விற்கவும் முடியாது, வெட்டவும் அம்மா விடவில்லை. அது வாசல் வேம்படியில் கட்டிக் கிடக்கிறது. கனிஷ்கா அதற்குத் தழை ஒடித்துப் போடுகிறாள்.

போன வாரம் சிறையிலிருந்து அவனைப் போன் பேசவிட்டார்கள். நானும் அம்மாவின் காதோடு ஒட்டி நின்று கேட்டேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் அம்மா முதலில் கேட்டது. பிறகு மெதுவாக இதைக் கேட்டது.

"அந்தப் பையனோட அம்மாளைப் பாத்தியா சாமி?"

"பாத்தேம்மா. விசாரணையில எனக்கு எதுத்தாப்பலதான் உக்காந்திருந்துச்சு. உன்ற வயசுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் ஒருத்தரு அவங்க பாசையில எடுத்துச் சொன்னாரு."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே சொல்லல. எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, என்னையப் பாத்துத் தலையாட்டுச்சு."

அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டது. "மன்னிச்சிருச்சா சாமி?"

"தெரியலம்மா. தலையாட்டுனதை வெச்சு இனி நானா ஒண்ணும் நெனைச்சுக்கக் கூடாது."