புதினா எண்ணெயும் சாத்திய ஜன்னலும்

இந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் சண்டை வரும். காற்று குறுக்கே ஓடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், பிள்ளைக்கு ஜன்னி காணும் என்று படித்தவரும் படிக்காதவரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆகஸ்ட் வெயிலில் பேருந்துக்குள் வெந்து சாவார்களே தவிர, ஒரு கண்ணாடியை இறக்க விடமாட்டார்கள். நான் கடலோரம் புர்காஸ் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். இந்தப் பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சண்டையில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இவர்களுக்கு மூக்கும் கிடையாது. மே மாதம் ரோஜா, அப்புறம் லாவெண்டர், கோடை முடிவில் புதினா என்று எண்ணெய் வடித்து வடித்து மூக்கு மரத்துப்போய்விடும். என் புருஷன் ராட்கோ வடிசாலையில் செம்புக் கொப்பரைகளைப் பார்த்துக்கொள்பவன். வீட்டுக்கு வந்தால் சட்டை, தலைமுடி, படுத்த தலையணை எல்லாம் கண்ணைக் கரிக்கும். அவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. "எங்கே மணக்குது? உனக்குத்தான் நாய் மூக்கு" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

எங்கள் மகள் கலினாவுக்கு அப்போது ஐந்து மாதம். சளி பிடித்து மூக்கடைத்திருந்தது. இரண்டு வாய் பால் குடிப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவாள். பெரிய வியாதி ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் சொட்டு விட்டால் தானே சரியாகும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். ராட்கோவால்தான் அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இப்போது எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் வேலையிலிருந்து சின்ன சீசாவோடு வந்தான். அவன் அக்கா பென்கா எனக்குக் கோழி சூப் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றித் தொட்டிலை ஒட்டி வைத்து, சீசாவைத் திறந்தான்.

"என்ன அது?"

"புதினா எண்ணெய். இன்னைக்கு வடிச்சது. கலப்படம்னு ஒரு சொட்டு கிடையாது."

"பச்சக் குழந்தைக்கா? வேணாம் ராட்கோ."

"பொறந்தப்ப ரோஜாத் தண்ணியிலதானே குளிப்பாட்டினோம்? அப்ப வாயத் திறந்தியா?"

"அது தண்ணி. இது எண்ணெய்."

பென்கா சிரித்துவிட்டாள். "ரெண்டும் ஒரே கொப்பரையிலதாண்டி வருது. பட்டணத்து மகாராணிக்குக் கடையில டப்பா போட்டு வித்தாத்தான் மருந்து."

ஒரே கொப்பரைதான், இல்லையென்று யார் சொன்னது? வண்டி வண்டியாகப் புதினாவைக் கொட்டி வேகவைத்தால் தண்ணீர் பீப்பாய்க் கணக்கில் வரும். அதன் மேல் மிதக்கிற எண்ணெயோ கொஞ்சமே கொஞ்சம். செடியின் காரமெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும். இது அவனுக்குத் தெரியாதா? ஆலையில் கையுறை இல்லாமல் எண்ணெய்க் கேனைத் தொட்டால் மேற்பார்வையாளர் கத்துவார், இவனும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வான். வீட்டு வாசலைத் தாண்டி வந்ததும் அதே எண்ணெய் சொந்தக்காரனாகிவிடும்.

சில சொட்டுகள் விட்டான். குனிந்து முகர்ந்தான். "வாசமே வரலையே" என்றான். இன்னும் விட்டான். முகர்ந்தான். உதட்டைப் பிதுக்கினான். மறுபடி விட்டான். எனக்குக் கண்ணீர் கொட்டியது, தொண்டை எரிந்தது. போதும் போதும் என்று கத்திக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினேன். பென்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சளி பிடிச்ச பிள்ளைய வச்சுக்கிட்டு ஜன்னலைத் திறக்கிறியே, கொல்லப் பாக்கிறியா?"

"கையை விடுங்கக்கா. நான் பிள்ளையத் தூக்கிட்டு வெளியே போறேன்."

நான் கையை உதறிவிட்டுத் திரும்புவதற்குள் ராட்கோ சீசாவை விரலில் கவிழ்த்து, அந்த விரலைக் கலினாவின் மூக்குக்குக் கீழே ஓட்டிவிட்டான். "இதோ, இப்ப எப்படி மூச்சு விடுறா பாரு" என்றான்.

அவள் விடவில்லை. தொண்டையில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். அழக்கூட இல்லை. கைகள் இரண்டும் விறைத்து, உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். குழாயடியில் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்தேன், வாயில் ஊதினேன், மறுபடி ஊதினேன். ராட்கோ பக்கத்தில் நின்று "கலினா, கலினா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பென்காதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். ஆம்புலன்சில் மூச்சு திரும்பியது. வழியில் மறுபடி நின்றது, மறுபடி வந்தது.

ஸ்டாரா ஸகோரா நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இளவயது டாக்டரம்மா ஒருத்தி எங்களிடம் ஓடி வந்து கேட்டாள்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்" என்றான் ராட்கோ.

அவன் பொய் சொல்லவில்லை. அது அவன் கணக்கில் ஒன்றுமே இல்லை. எனக்கு அங்கேயே அவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது.

"புதினா எண்ணெய்!" என்று கத்தினேன். "மூக்குல தடவினான்! ஜன்னலைச் சாத்தி வச்சு ஆவியும் காட்டினான்!"

டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "பெரியவங்க வலிக்குத் தேய்க்கிறதுன்னாலே வேற எண்ணெயில கலந்துதான் தேய்க்கணும். சின்னப் பிள்ளைங்க மூஞ்சிக்கிட்டயே அதக் கொண்டுபோகக் கூடாது. தொண்டை இறுகி மூச்சு நின்னுடும். எவ்வளவு நேரம் மூச்சில்லாம இருந்தா?"

எங்களுக்குத் தெரியவில்லை. அவள் ராட்கோ பக்கம் திரும்பி, சட்டென்று ஓரடி பின்வாங்கினாள்.

"உங்க மேலயே அடிக்குதே! நீங்க உள்ள வரக் கூடாது. குளிச்சு, துணி மாத்திட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்தான். வாசலில் நர்ஸ் முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினாள். கடைத்தெருவில் புதுச் சட்டையும் செருப்பும் வாங்கினான், தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தான். அப்போதும் விடவில்லை. நகக்கண்ணில் ஊறியதும் கைத்தோலில் இறங்கியதும் அவ்வளவு லேசில் போகுமா? என்னிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டி, "இன்னும் இருக்கா நெவெனா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன். அவனை வெறுத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் நிஜமாகவே இருந்தது.

நான் மட்டும் உள்ளே போய் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மிஷின்தான் அவளுக்கு மூச்சு விட்டது. வெளியே வந்தால் பென்கா தாழ்வாரத்தில் காத்திருப்பாள். "நீ முற்றத்துக்குத் தூக்கிட்டு ஓடினேல்ல, அப்பத்தாண்டி காத்து அடிச்சிருக்கு" என்றாள் ஒருநாள். "இன்னொரு தடவை காத்துன்னு சொன்னீங்க, உங்க நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன்" என்றேன். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் அழுதாள். எனக்குப் பாவமாகவே இல்லை.

புதன்கிழமை காலையில் டாக்டரம்மா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நின்றபடி சொல்லாமல் உட்கார்ந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. மூளைக்கு ரொம்ப நேரம் காற்று போகவில்லை என்றாள், அப்புறம் இதயமும் நின்றுவிட்டது என்றாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ராட்கோ அப்போது கழிப்பறையில் கை தேய்த்துக்கொண்டிருந்தான். பாத்திரம் விளக்குகிற நாரும் சோடாவும் எங்கேயோ வாங்கி வந்திருந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, தோல் சிவக்க சிவக்கத் தேய்த்த கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, நேராக வாசலில் நின்ற நர்ஸிடம் வந்தான். என்னை அவன் பார்க்கவில்லை.

"இப்பப் பாருங்கம்மா. போகலாமா?"

அவள் முகர்ந்து பார்க்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"போங்கய்யா" என்றாள். "இனி எப்படி இருந்தாலும் போகலாம்."

அவன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனான்.